தொடங்கும்போது இறக்குவதா, இமேஜுக்குள் வைப்பதா? காஃப்கா கனெக்ட் கனெக்டர்கள்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 9

காஃப்காவுக்கும் டேட்டாபேஸ்களுக்கும் இடையே தரவைக் கடத்தும் காஃப்கா கனெக்டில் எனக்கு வேண்டியது இரண்டே கனெக்டர்: போஸ்ட்கிரஸ் மாற்றங்களைப் படிக்க டெபீசியம், வேறொரு டேட்டாபேஸில் எழுத ஜேடிபிசி சிங்க். கன்டெய்னர் கிளம்பும்போது கட்டளையிலேயே இரண்டையும் இறக்கி நிறுவிவிட்டு, கனெக்டர்களை ஓட்டும் புராசஸான ஒர்க்கரைத் தொடங்குகிறேன். நன்றாக ஓடுகிறது. இதற்குப் போய்க் கனெக்டர்கள் உள்ளேயே இருக்கும் தனி இமேஜ் கட்டு, ரெஜிஸ்ட்ரியில் ஏற்று, பைப்லைன் எழுது என்கிறார்கள். தேவையில்லாத வேலை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, மாலை

நான் மறுக்கும் கட்சி. கன்டெய்னர் மறுபடி கிளம்பும் நேரம் நம் கையில் இல்லை என்பதுதான் முதல் காரணம். நோடு விழலாம், மெமரி தீர்ந்து கெர்னல் புராசஸைக் கொல்லலாம், கன்டெய்னர் ஓடும் பாட் என்ற அலகைக் குபர்நெட்டிஸ் வேறு இடத்துக்குத் தூக்கிப் போடலாம். அந்த ஒவ்வொரு முறையும் வெளியே ஏதோ ஒரு சர்வர் உயிரோடு இருக்க வேண்டும், பிராக்சி வழிவிட வேண்டும், கோப்பு பழைய முகவரியிலேயே இருக்க வேண்டும்.

நான் பிறகு போய்ச் சேர்ந்த ஒரு குழுவில் இதே ஏற்பாடுதான் இருந்தது. ஒரு ராத்திரி நோடு விழுந்து, பாட் வேறு நோடில் எழுந்தது. அன்று மாலைதான் வெளியே போகும் இணைப்புகளுக்கான விதிகளை இறுக்கியிருந்தார்கள், அதனால் கனெக்டர் இறங்கவில்லை. இறங்காவிட்டாலும் அடுத்த வரிக்குப் போகும்படி கட்டளை எழுதப்பட்டிருந்ததால் ஒர்க்கர் மட்டும் கிளம்பிவிட்டது. 8083 போர்ட்டில் ரெஸ்ட் (கனெக்டின் எச்டிடிபி இடைமுகம்) பதில் வந்தது, ஹெல்த் செக் பச்சை. உள்ளே டெபீசியம் இல்லை. போஸ்ட்கிரஸின் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை (எதுவரை படித்தாயிற்று என்ற குறி) யாரும் படிக்காததால் வால் (WAL) என்ற மாற்றப் பதிவுக் கோப்புகள் குவிந்துகொண்டே போயின. காலையில் கூப்பிட்டது நம் அலாரம் இல்லை, டிஸ்க் நிறைகிறது என்று டேட்டாபேஸ் ஆட்கள்தான்.

படிக்கப்படாத ஸ்லாட்டுக்காக வாலை எவ்வளவு வரை பிடித்துவைக்கலாம் என்று கட்டுப்படுத்த போஸ்ட்கிரஸ் 13 முதல் ஓர் அமைப்பு உண்டு. ஆனால் இயல்பாக அது வரம்பில்லாமல்தான் இருக்கும். வரம்பு வைத்தாலும் அதைத் தாண்டியதும் ஸ்லாட் செல்லாமல் போய்விடும், அப்புறம் ஸ்னாப்ஷாட்டை (டேபிள்களின் முழுப் பிரதி) முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஆக, கனெக்டர் இல்லாமல் ஒர்க்கர் ஓடுவது கனெக்டின் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை, மூல டேட்டாபேஸ் வரை போகிறது.

பிப்ரவரி 10

"இறக்கம் தோற்றால் கன்டெய்னரும் நின்றுவிடும்படி எழுதிவிட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, ஒர்க்கர் ஒன்றுக்கு மேல் ஆகும்போது வருகிறது.

பல ஒர்க்கர் சேர்ந்து ஓடும் டிஸ்ட்ரிபியூட்டட் முறையில் ஒரு குழுவின் ஒர்க்கர்கள் எல்லாம் சமம். டாஸ்க் (கனெக்டர் வேலையின் ஒரு பங்கு) யாரிடம் போகும் என்பதை லீடராக இருக்கும் ஒர்க்கர் பிரித்துக் கொடுக்கிறது. எந்த ஒர்க்கரிடம் எந்த பிளகின் (கனெக்டர் போன்ற செருகு நிரல்) இருக்கிறது என்று பார்த்து அது பிரிப்பதில்லை. எல்லாரிடமும் எல்லாம் இருக்கும் என்றே கனெக்ட் எடுத்துக்கொள்கிறது. ஜனவரியில் கிளம்பிய இரண்டு ஒர்க்கர் பழைய பதிப்போடும், நேற்று எழுந்த மூன்றாவது புதிய பதிப்போடும் இருந்தால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ஒரே கனெக்டரின் டாஸ்குகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். அந்தப் பிழையைத் தேடுவது கொடுமை, ஏனென்றால் ரீபேலன்ஸ் (டாஸ்குகளை மறுபடி பிரிப்பது) நடந்தால் அது வேறு இடத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று: பிளகின் பட்டியலை ரெஸ்டில் கேட்டால், எந்த ஒர்க்கரிடம் கேட்டோமோ அதனிடம் இருப்பதை மட்டும்தான் சொல்லும். முன்னால் லோடு பேலன்சர் வைத்திருந்தால் ஒரே கேள்விக்கு முறைக்கு ஒரு பதில் வரும். எல்லா பாடும் ஒரே டைஜஸ்ட் (உள்ளடக்கத்தின் கைரேகை எண்) உள்ள இமேஜிலிருந்து எழுந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

பிப்ரவரி 10, இரவு

ஷேர்டு வால்யூம் பற்றி ஒருவர் கேட்டார்: ஜார்களை (கனெக்டரின் ஜாவா கோப்புகள்) ஒரே இடத்தில் வைத்து எல்லா பாடிலும் மவுன்ட் செய்தால் என்ன? எல்லாரும் ஒரே கோப்பைப் பார்ப்பார்கள், உண்மைதான். ஆனால் ஒர்க்கர் பிளகின்களைத் தொடக்கத்தில்தான் தேடுகிறது. வால்யூமில் ஜாரை மாற்றினால் ஓடிக்கொண்டிருப்பவை பழையதோடும் அடுத்து எழுபவை புதியதோடும் இருக்கும். திரும்பிப் போக வேண்டுமானால் பழைய ஜார் எங்கே என்று தேட வேண்டும். இமேஜில் முந்தைய டேக் அப்படியே இருக்கும்.

பிப்ரவரி 11

சரி, கட்டுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு. டாக்கர்ஃபைல் (இமேஜைக் கட்டும் கட்டளைக் கோப்பு) பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நான் வைப்பது இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் கனெக்டர் தொகுப்பை இறக்கி, எஸ்எச்ஏ-512 செக்சம் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) ஒப்பிட்டு, பிரித்து வைப்பேன். இரண்டாவது கட்டத்தில் கனெக்ட் அடிப்படை இமேஜை எடுத்து, பிரித்த ஃபோல்டரை மட்டும் காப்பி செய்வேன். ஜிப், டார் மிச்சங்கள் எதுவும் கடைசி இமேஜுக்கு வராது. டெபீசியத்தின் ஒவ்வொரு கனெக்டருக்கும் பிளகின் தொகுப்பு மேவன் சென்ட்ரலில் டார் கோப்பாகவே கிடைக்கிறது. அதை உங்கள் உள் களஞ்சியத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்து அங்கிருந்து இறக்கினால் இன்னும் நல்லது. செக்சம் எண் கிட்டில் இருக்கட்டும். யாராவது பதிப்பை மாற்றினால் அந்த வரியும் மாறும், ரிவ்யூவில் கண்ணில் படும்.

அடிப்படை இமேஜ் எது? காஃப்காவைக் குபர்நெட்டிஸில் நிர்வகிக்கும் ஸ்ட்ரிம்சி ஆபரேட்டர் வைத்திருந்தால் அதன் காஃப்கா இமேஜ்தான். அதில் ரூட்டாக மாறி, காஃப்கா அடைவுக்குள் இருக்கும் பிளகின்ஸ் ஃபோல்டரில் காப்பி செய்து, மறுபடி 1001 யூசருக்குத் திரும்ப வேண்டும். கான்ஃப்ளுவென்ட் பழக்கம் என்றால் அவர்களுடைய கனெக்ட் பேஸ் இமேஜ். டெபீசியமே ஒரு கனெக்ட் இமேஜ் தருகிறது. அப்பாச்சி காஃப்கா திட்டமும் 3.7 முதல் அதிகாரபூர்வ இமேஜ் வெளியிடுகிறது. இதன் கூடவே நேட்டிவ் என்று ஒன்று பின்னால் வந்தது, அதை எடுத்துவிடாதீர்கள். அது பிரோக்கரை (காஃப்கா சர்வர்) முன்கூட்டியே மெஷின் கோடாகத் தொகுத்து வைத்தது, கனெக்டர் ஜார் ஏற்றும் இடம் அதில் கிடையாது.

ஜாவா பதிப்பைப் பார்க்காமல் அடிப்படை இமேஜைச் சொல்லும் ஃப்ரம் வரியைத் தொடாதீர்கள். டெபீசியம் 3 வரிசைக்கு ஜாவா 17 வேண்டும். ஜாவா 11 உள்ள பழைய இமேஜில் வைத்தால் கிளாஸ் பதிப்பு 61, இங்கே 55 வரைதான் தெரியும் என்று பிழை வரும். 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் ஜாவா 11, 65 என்றால் ஜாவா 21. இந்த மூன்று எண்ணும் மனசில் இருந்தால் பாதி லாகைப் படிக்கவே வேண்டாம். காஃப்கா 4.0-இலிருந்து கனெக்டுக்கே ஜாவா 17 கட்டாயம்.

பிப்ரவரி 12

"ஜார் எல்லாம் இருக்கிறது, ஆனால் கிளாஸ் கிடைக்கவில்லை என்கிறது" என்று ஒருவர் தன் பிளகின் பாத் (பிளகின்களை எங்கே தேடுவது) அமைப்பை ஒட்டியிருந்தார். பார்த்த உடனே தெரிந்தது: ஃபோல்டர் ஒரு படி கீழே போய்விட்டது.

பிளகின் பாத்தில் கொடுக்க வேண்டியது தாய் ஃபோல்டர். அதற்குள் ஒவ்வொரு கனெக்டருக்கும் ஒரு துணை ஃபோல்டர், அதற்குள் அந்தக் கனெக்டரும் அது சார்ந்த ஜார்களும். ஒரு துணை ஃபோல்டர் முழுவதும் ஒரே பிளகின், அதற்கென்று தனி கிளாஸ்லோடர். அவர் நேரே டெபீசியம் ஃபோல்டரையே பாத்தாகக் கொடுத்திருந்தார். அப்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஜாரும் தனித்தனி பிளகினாகப் பார்க்கப்படும். பக்கத்து ஜாரில் இருக்கும் கிளாஸ் இதன் கண்ணுக்குத் தெரியாது. துணை ஃபோல்டருக்குள் லிப் என்று இன்னொரு ஃபோல்டர் இருந்தால் பரவாயில்லை, உள்ளே இறங்கித் தேடிக்கொள்ளும்.

இந்தப் பிரிப்பு காஃப்கா 0.11-இல் வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் ஒரே கிளாஸ்பாத், இரண்டு கனெக்டர் இரண்டு பதிப்பு குவாவா நூலகம் கொண்டுவந்தால் கதை முடிந்தது. இன்றைக்கும் சிலர் காஃப்காவின் லிப்ஸ் ஃபோல்டரிலேயே கனெக்டரைக் கொட்டுகிறார்கள். ஓடும். ஆனால் காஃப்காவுக்கே சொந்தமான ஜாக்சன் போன்ற ஜார்களோடு மோதும் நாள் வரும், அப்போது மெத்தட் இல்லை என்ற பிழை சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து கிளம்பும்.

பிப்ரவரி 12, பிற்பகல்

மேலே சொன்னதன் தொடர்ச்சி, கேள்வி கேட்டவருக்கே இது வரப்போகிறது. ஜேடிபிசி சிங்கில் மைஎஸ்கியூஎல்லுக்கு எழுதப் போகிறீர்கள் என்றால் டிரைவர் ஜார் கனெக்டரோடு வராது. கான்ஃப்ளுவென்ட் ஜேடிபிசி கனெக்டரில் போஸ்ட்கிரஸ் டிரைவர் உள்ளேயே இருக்கும், மைஎஸ்கியூஎல் இருக்காது. பொருத்தமான டிரைவர் இல்லை என்ற பிழை அதனால்தான். டிரைவரை வேறு எங்கேயும் வைக்காமல் அந்த ஜேடிபிசி கனெக்டர் ஜார் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். பக்கத்தில் புது ஃபோல்டர் போட்டால் அது தனி பிளகின் ஆகிவிடும்.

தரவு வடிவத்தை மாற்றும் கன்வெர்ட்டருக்கும் இதே கவனம் வேண்டும். டெபீசியம் 2.0-இலிருந்து அவர்களுடைய இமேஜில் கான்ஃப்ளுவென்ட் ஆவ்ரோ கன்வெர்ட்டர் ஜார்கள் இல்லை. பழைய டேக்கிலிருந்து தாவியவர்கள் பலர் இங்கேதான் நின்றார்கள். இமேஜில் என்னென்ன வேண்டும் என்று எழுதும்போது கனெக்டர் பெயரோடு நிறுத்தாதீர்கள். டிரைவர், கன்வெர்ட்டர், செய்தியைத் திருத்தும் டிரான்ஸ்ஃபார்ம், அமைப்பு மதிப்புகளை வெளியிலிருந்து படிக்கும் கான்ஃபிக் புரொவைடர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

பிப்ரவரி 14

நான் எல்லாரும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுவது இதைத்தான், எனவே தனியாக எழுதுகிறேன்.

இமேஜ் கட்டும்போதே பிளகின் ஏறுமா என்று சோதியுங்கள். ஒர்க்கரை முழுதாகக் கிளப்ப வேண்டுமானால் பிரோக்கர் வேண்டும், பில்டில் அது தொல்லை. ஆனால் காஃப்கா 3.6 முதல் பின் ஃபோல்டரில் கனெக்ட் பிளகின் பாத் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதற்கு பிரோக்கர் தேவையில்லை. லிஸ்ட் என்று சொல்லி ஃபோல்டரைக் காட்டினால் ஒவ்வொரு பிளகினின் பெயர், பதிப்பு, வகை, ஏற்ற முடியுமா, மேனிஃபெஸ்ட் இருக்கிறதா என்று பட்டியல் போடும். டாக்கர்ஃபைலின் கடைசிக்கு முந்தைய வரியாக இதை ஓட்டி, எதிர்பார்க்கும் கிளாஸ் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் பில்டே விழும்படி செய்கிறேன். ஃபோல்டர் ஆழம், ஜாவா பதிப்பு, விடுபட்ட சார்பு ஜார், பலவும் இங்கேயே மாட்டும்.

எல்லாமும் மாட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜேடிபிசி டிரைவர் ஓடும்போதுதான் தேடப்படுகிறது, பட்டியலில் அதன் குறை தெரியாது. அதற்கு நான் பைப்லைனில் ஒரு தற்காலிக பிரோக்கரோடு ஒர்க்கரைக் கிளப்பி, உண்மையான ஒரு கனெக்டரை வைத்துப் பார்க்கிறேன்.

மேனிஃபெஸ்ட் என்றேன் அல்லவா, ஜாருக்குள் என்னென்ன பிளகின் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லும் சிறு கோப்பு அது. 3.6-க்கு முன் ஒர்க்கர் கிளம்பும்போது எல்லா ஜாரையும் பிரித்து எல்லா கிளாஸையும் தேடும். பத்து கனெக்டர் வைத்திருந்தால் கிளம்புவதற்குள் பொறுமை போய்விடும். இப்போது சர்வீஸ் லோடர் மேனிஃபெஸ்ட் வழியாகக் கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது. இயல்பான அமைப்பு இரண்டு வழியிலும் தேடி, மேனிஃபெஸ்ட் இல்லாதவற்றுக்கு எச்சரிக்கை மட்டும் தரும். பழைய கனெக்டர்களுக்கு அதே ஸ்கிரிப்டில் மேனிஃபெஸ்டை எழுதித் தரும் துணைக்கட்டளை உண்டு. அதையும் பில்டிலேயே ஓட்டி, பிறகு சர்வீஸ் லோடு முறைக்கு மாறினால் தேடும் நேரம் குறையும். கோப்புகளைத் திருத்தும் வேலை என்பதால் இதற்கும் இமேஜ் பில்ட்தான் சரியான இடம்.

பிப்ரவரி 15

இமேஜ் அளவு இரட்டிப்பானது ஏன் என்ற கேள்விக்கு: காப்பி செய்த பிறகு தனி வரியில் உரிமையாளரை மாற்றியிருக்கிறீர்கள். லேயரில் உரிமை மாறினாலும் கோப்பு முழுதாக மறுபடி எழுதப்படும். காப்பி வரியிலேயே உரிமையாளரைக் கொடுத்துவிடுங்கள். ஓப்பன்ஷிஃப்டில் ஓட்டுபவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். அங்கே யூசர் எண் ஏதோ ஒன்றாக வரும், குரூப் 0 ஆக இருக்கும். குரூப் 0-க்குப் படிக்கும் அனுமதி இல்லாத ஜார் ஏறாது.

லேயர் வரிசை: அரிதாக மாறும் கனெக்டர் முதலில், அடிக்கடி மாறும் உங்கள் சொந்த டிரான்ஸ்ஃபார்ம் கடைசியில்.

பிப்ரவரி 17

ஸ்ட்ரிம்சி தானே கட்டித் தருமே, டாக்கர்ஃபைல் எதற்கு என்று இருவர் கேட்டார்கள். தரும். கனெக்ட் ரிசோர்ஸில் பில்ட் பகுதியில் எங்கே ஏற்ற வேண்டும், என்னென்ன பிளகின் என்று எழுதினால் கிளஸ்டருக்குள்ளேயே இமேஜ் கட்டி ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி அதையே ஓட்டும். ஜார், டார், ஜிப், மேவன் எல்லாம் ஏற்கும். சிறிய குழுவுக்கு இது அருமையான வழி. முதல் நாளில் நான் இமேஜ் என்று சொன்னபோது டாக்கர்ஃபைல் மட்டுமே வழி என்பது போல ஒலித்திருந்தால், அது என் எண்ணமில்லை.

ஆனால் அங்கே செக்சம் கொடுப்பது விருப்பம்தான், கட்டாயம் இல்லை. கொடுக்காவிட்டால் சரிபார்க்காது. கண்டிப்பாகக் கொடுங்கள். இரண்டாவது, அதே முகவரியில் இருக்கும் கோப்பு மாறினால் ஸ்ட்ரிம்சிக்குத் தெரியாது. ரிசோர்ஸில் எழுத்து மாறினால்தான் மறுபடி கட்டும், அல்லது கட்டாயமாகக் கட்டச் சொல்லும் குறிப்பைப் போட வேண்டும். பெரிய குழுவில் நான் இன்னமும் வெளியே பைப்லைனில் கட்டுவதையே விரும்புகிறேன், மேலே சொன்ன பட்டியல் சோதனையை அங்கேதான் வசதியாகச் செருக முடிகிறது.

குபர்நெட்டிஸில் கனிகோ என்ற இமேஜ் கட்டும் கருவியை வைத்து நீங்களே கட்டிக்கொண்டிருந்தால், அந்தக் களஞ்சியத்தை கூகுள் 2025 ஜூனில் காப்பகமாக்கிவிட்டது. பில்டாவோ பில்ட்கிட்டோ பக்கம் நகரத் திட்டமிடுங்கள்.

பிப்ரவரி 18

பாதுகாப்பு ஆட்களிடம் பேசும்போது எனக்கு மிகவும் உதவிய வாதம் ஒன்று விட்டுப்போயிற்று. 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் லாக்4ஷெல் ஓட்டை வெளியே வந்தபோது எல்லாரும் கேட்ட கேள்வி, அந்த ஜார் எங்கெங்கே இருக்கிறது என்பது. கனெக்டர் தொகுப்புகள் தங்கள் சார்பு ஜார்களைத் தாங்களே சுமந்து வருகின்றன. அடிப்படை இமேஜைப் புதுப்பித்தால் அவை புதுப்பிக்கப்படுவதில்லை. இமேஜுக்குள் இருந்தால் ட்ரிவி போன்ற ஸ்கேனர் பட்டியலிட்டுக் காட்டும். கிளம்பும்போது இறக்கினால் ரெஜிஸ்ட்ரியில் ஸ்கேன் செய்த இமேஜ் சுத்தம், ஓடும் கன்டெய்னரில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கடவுச்சொல் இமேஜில் வேண்டவே வேண்டாம். பில்ட் ஆர்க்யூமென்ட்டாகக் கொடுத்தது இமேஜ் வரலாற்றில் தெரியும். ஒரு லேயரில் வைத்து அடுத்ததில் அழித்தாலும் முந்தைய லேயரில் இருக்கும். உள் களஞ்சியத்துக்கு டோக்கன் தேவை என்றால் பில்ட்கிட்டின் சீக்ரெட் மவுன்ட். கனெக்டர் கடவுச்சொல்லுக்குக் கான்ஃபிக் புரொவைடர். கோப்பிலிருந்தோ ஃபோல்டரிலிருந்தோ படிக்கலாம், காஃப்கா 3.5 முதல் சூழல் மாறியிலிருந்தும் படிக்கலாம். ரெஸ்டில் கான்ஃபிக்கைக் கேட்டாலும் குறிப்பு மட்டும்தான் தெரியும், உண்மைச் சொல் தெரியாது.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவர் இமேஜ் கட்டிவிட்டார், நல்லது. "புது இமேஜ் போட்டதும் சில டாஸ்குகள் ஐந்து நிமிஷம் எங்கேயும் இல்லை, இமேஜில் கோளாறா?" என்கிறார்.

கோளாறு இல்லை. காஃப்கா 2.3 முதல் ரீபேலன்ஸ் படிப்படியாக நடக்கிறது. ஒரு ஒர்க்கர் போனால் அது திரும்பி வரலாம் என்று மற்றவை காத்திருக்கும், அந்தக் காத்திருப்பு இயல்பாக 5 நிமிஷம். பாட் அதற்குள் திரும்பினால் தேவையில்லாத இடமாற்றம் மிச்சம். கனெக்டர்களை இறக்காமல் இமேஜோடு எழுவதால் உங்கள் பாட் சீக்கிரமே திரும்பும், அதைப் பார்த்து இந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். பாட் கிளம்ப எடுக்கும் நேரத்துக்குக் கீழே மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

பதிப்பு மாறும் ரோலிங் அப்டேட்டின் நடுவில் பழைய இமேஜும் புதிய இமேஜும் ஒரே குழுவில் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடும். பிப்ரவரி 10-இல் நான் பயமுறுத்திய அதே நிலைமை, கட்டுப்பாட்டோடு. ஆகவே புதிய கனெக்டருக்கான கான்ஃபிக்கை எல்லா பாடும் மாறி முடிந்த பிறகே ரெஸ்டில் அனுப்புங்கள். முன்னால் அனுப்பினால் டாஸ்க் பழைய பாடில் விழுந்து, கிளாஸ் இல்லை என்று தோற்கும். காஃப்கா 4.1 முதல் ஒரே கனெக்டரின் பல பதிப்புகளை ஒரே ஒர்க்கரில் வைத்து, எந்தப் பதிப்பு என்று கான்ஃபிக்கில் சொல்லும் வசதி வந்திருக்கிறது. பெரிய தாவலுக்கு இரண்டையும் ஒரு இமேஜில் வைத்து, கனெக்டர்களை ஒவ்வொன்றாக நகர்த்தலாம்.

இமேஜைப் பின்னுக்குத் தள்ளினால் தரவு போகுமா என்றும் கேட்டார். கான்ஃபிக், ஆஃப்செட், நிலை மூன்றும் காஃப்காவில் மூன்று உள் டாபிக்குகளில் இருக்கின்றன, இமேஜில் எதுவும் இல்லை. கான்ஃபிக் டாபிக்குக்கு ஒரே பார்ட்டிஷன், காம்பாக்ட் கொள்கை என்பதை மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 23

இமேஜ் வால்யூம் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். குபர்நெட்டிஸ் 1.31-இல் ஆல்ஃபாவாக வந்து 1.33-இல் பீட்டா ஆனது. கனெக்டரை மட்டும் ஒரு சிறிய ஓசிஐ ஆர்ட்டிஃபாக்டாக ரெஜிஸ்ட்ரியில் வைத்து, பாடில் வால்யூமாக மவுன்ட் செய்யலாம். ஸ்ட்ரிம்சி 0.46 முதல் கனெக்டில் இதை ஏற்கிறது. அடிப்படை இமேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் எல்லா கனெக்டரையும் மறுபடி கட்ட வேண்டியதில்லை. டைஜஸ்ட் இருக்கிறது, ஸ்கேன் செய்யலாம், பின்னுக்குப் போகலாம். ஷேர்டு வால்யூமுக்கு நான் சொன்ன எதிர்ப்பு எதுவும் இதற்குப் பொருந்தாது. ஜாவா பதிப்புப் பொருத்தத்தை மட்டும் பில்டில் பார்க்க முடியாது, அடிப்படை வேறு, கனெக்டர் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் படி ஒன்று பைப்லைனில் வேண்டும். புதிதாகத் தொடங்கும் குழு என்றால் நான் இந்த வழியைத்தான் முதலில் முயல்வேன்.

பிப்ரவரி 24

ஆர்ம் நோடில் ஓடுமா என்பவருக்கு: ஜார் பெரும்பாலும் எங்கேயும் ஓடும், ஆனால் ஸ்னாப்பி, இசட்ஸ்டாண்டர்ட் சுருக்க நூலகங்கள் உள்ளே நேட்டிவ் கோப்பு வைத்திருக்கின்றன. ஆல்பைன் அடிப்படையில் கட்டினால் ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) இல்லாமல் ஸ்னாப்பி விழுந்த கதைகள் பழையவை, அதற்காகப் பொருத்த நூலகம் சேர்க்க வேண்டியிருக்கும். பட்டியல் சோதனையில் இது தெரியாது. இரண்டு ஆர்க்கிடெக்சருக்கும் கட்டி, இரண்டிலும் சுருக்கப்பட்ட ஒரு டாபிக்கில் எழுதிப் படித்துப் பாருங்கள். ஆர்மில் பார்த்தவர்கள் எந்த அடிப்படை இமேஜ், எந்த கனெக்டர் பதிப்பு என்று கீழே எழுதினால் உதவியாக இருக்கும்.